சோம்பேறி சூஷி

விசிறி: நிறுத்துங்க, நிறுத்துங்க... இப்போ என்ன போட்டீங்க அண்ணி?

அண்ணி: உப்புதான்.

விசிறி: வினிகர்லயே உப்பு கரைச்சாச்சே.

அண்ணி: கரைச்சேனா?

விசிறி: வினிகர், சக்கரை, உப்பு மூணையும் சூடு பண்ணி, கரைஞ்சுதான்னு நக்கிப் பார்த்து, நீங்களே தலையை ஆட்டி, நீங்களே சோத்துல ஊத்தினீங்க. நான் பக்கத்துலதானே நிக்கறேன், குத்துக்கல்லாட்டம்.

அண்ணி: அப்போ இது ரெண்டாவது தடவையா...

விசிறி: முதல்ல அந்த டப்பாவைக் கீழே வைங்க. மூணாவது தடவை ஆயிடப் போகுது.

அண்ணி: கொஞ்சம் வாயில போட்டுப் பாரேன். அவ்வளவா தெரியாதுன்னு நினைக்கறேன்.

விசிறி: மீனுக்கு சொந்த ஊர் ஞாபகம் வந்துடும். அந்த அளவுக்கு இருக்கு.

அண்ணி: கிண்டல் பண்ணாதே. எதிர் வீடு, மாடி வீடு, பக்கத்து வீட்டு டீச்சர்னு எல்லாரையும் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவ கடைசியா உப்புக் கரிக்கிற சோத்தைப் போட்டுட்டுப் போனாள்னு பேராயிடும்.

விசிறி: பதறாதீங்க. உப்பு போடாம இன்னொரு பங்கு சோறு வேக வச்சு இதோட கலந்துட்டா சரியாயிடும். அண்ணன் அப்படித்தான் சமாளிப்பான். அரிசி இருக்கா?

அண்ணி: இருக்கு. எந்தப் பெட்டியில போட்டுக் கட்டினேன்னுதான்...

விசிறி: சரியாப் போச்சு. குடித்தனமே அட்டைப் பெட்டிக்குள்ள இருக்கு. இதோ, 'சமையல்'னு எழுதியிருக்கு. இதுலயா?

அண்ணி: அதுல போர்வை.

விசிறி: 'சமையல்'னு எழுதிட்டு போர்வையா?

அண்ணி: எழுதினப்புறம் மனசு மாறிடுச்சு. 'மருந்து'ன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதுல தேடு.

விசிறி: அண்ணி, உங்களை நம்பியா ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்க அனுப்பறாங்க? ஒருத்தர் ரத்தத்துல இன்னொருத்தர் பேரை ஒட்டிடப் போறீங்க.

அண்ணி: அங்கே நான் ரொம்ப கறார். வீட்டுலதான் இப்படி.

விசிறி: கிடைச்சுது. நல்லவேளை, நம்ம உருண்டை அரிசியேதான். இந்தாங்க, கழுவி குக்கர்ல போடுங்க. அது வேகறதுக்குள்ள நான் இந்தச் சோத்தை ஆத்தறேன். வீசறதுக்கு அட்டை எங்கே?

அண்ணி: பெட்டி மூடி ஒண்ணைக் கிழிச்சுக்கோ.

விசிறி: முன்னே நாள்காட்டி அட்டை ஒண்ணு வச்சிருந்தோமே. வருஷம் முடிஞ்சு தாளெல்லாம் போனாலும் அண்ணன் அந்த அட்டையைத் தூக்கிப் போட விட மாட்டான்.

அண்ணி: 'என் தங்கச்சியோட உத்தியோகமே அதுலதான் இருக்கு'ம்பார்.

விசிறி: மனுஷன் என்னை என்ன பாடு படுத்தினான். அவன் மரக்கரண்டியால சோத்தைக் கீறிக் கீறிப் புரட்டணும், நான் நின்னுகிட்டு வீசணும். 'வேகமா, வேகமா, சோறு பளபளன்னு வரணும்'னு. நாளைக்குப் பரீட்சை இருக்குடான்னா, 'ஒரு கையில புஸ்தகம் பிடி, ஒரு கையில வீசு'ன்னான்.

அண்ணி: அப்படித்தானே உனக்கு விசிறின்னு பேரு வந்துச்சு.

விசிறி: வந்துச்சா, வச்சுட்டுப் போனான். என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல அம்மா பேரு என்னன்னு கேட்டிருக்காங்க. 'விசிறி'ன்னு சொல்லிட்டு வந்திருக்கா. அவங்க டீச்சர் என்னைப் பார்க்கறப்போ எல்லாம் ஒரு மாதிரி சிரிக்கறாங்க.

அண்ணி: நல்ல பேருதானே. எனக்கு வச்ச பேரைவிடத் தேவலை.

விசிறி: உங்களுக்கு என்ன பேரு வச்சான்? எனக்குத் தெரியாம?

அண்ணி: அதெல்லாம் எதுக்கு இப்போ? வீசற வேலையைப் பாரு.

விசிறி: சொல்லுங்க அண்ணி.

அண்ணி: ...'ஊசி'.

விசிறி: ஊசியா.

அண்ணி: முதல் தடவை பார்த்தப்போ நான் அவர் கையில குத்தினேன் இல்லையா, அதுலேர்ந்து. தனியா இருக்கும்போதுதான் கூப்பிடுவார்.

விசிறி: அந்தக் கதையைச் சொல்லுங்க.

அண்ணி: எத்தனை தடவை கேப்பே?

விசிறி: இன்னைக்குக் கேக்கணும் போல இருக்கு. இந்த அடுப்படியில நின்னு கேக்கறது இதுதானே கடைசி.

அண்ணி: ம்... அவர் வேலை பார்த்த ஹோட்டல்லேர்ந்து எல்லாரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாங்க, ஹோட்டல்காரங்கன்னு எனக்குத் தெரியாது. வரிசையில எல்லாரும் தைரியமா வந்து கையை நீட்டினாங்க. உங்க அண்ணன் மட்டும் ஊசியைப் பார்த்ததும் மூஞ்சி வெளுத்துப் போய் உக்காந்திருந்தார். பேச்சுக் கொடுத்தா பயம் தெரியாதுன்னு, 'என்ன வேலை பாக்கறீங்க'ன்னு கேட்டேன்.

விசிறி: அவன் என்ன சொன்னான்?

அண்ணி: 'சுருட்டுற வேலைங்க'ன்னார்.

விசிறி: நீங்க?

அண்ணி: சுருட்டுக் கம்பெனின்னு நினைச்சேன். 'புகையிலை நாத்தம் உடம்புக்கு ஒத்துக்குதா'ன்னு கேட்டேன். 'சேச்சே, நான் ஹோட்டல்ல சுருட்டறேங்க, காலையில போனா சாயங்காலம் வரைக்கும் சுருட்டிக்கிட்டேதான் இருப்பேன், முதலாளியே நின்னு பாராட்டுவார்'னார். என்னடா இது, ஹோட்டலையே சுருட்டறவன் இவ்வளவு தைரியமா சொல்றானேன்னு அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே குத்தினேன். நரம்பு தவறிடுச்சு. மறுபடியும் குத்த வேண்டியதாப் போச்சு.

விசிறி: அதுக்கப்புறம்தான் மறுநாள் டப்பாவோட வந்தான்.

அண்ணி: திருடன் இல்லைன்னு நிரூபிக்கறதுக்கு. டப்பாவுல வரிசையா, வெட்டி அடுக்கி, ஒவ்வொண்ணும் ஒரே அளவு. 'இதைத்தான் சுருட்டறேன்'னார். நான் வாழ்க்கையில சூஷின்னு ஒண்ணைப் பார்த்ததே அன்னைக்குத்தான். மேலே சுத்தியிருந்த கருப்புத் தாளை உரிச்சு வச்சுட்டு சோத்தை மட்டும் சாப்பிட்டேன்.

விசிறி: கடல்பாசித் தாளை? உரிச்சுட்டா?

அண்ணி: பொட்டலம் கட்டின காகிதம்னு நினைச்சேன். பாவம், அவர் ஒண்ணுமே சொல்லலை. நான் உரிச்சுப் போட்டதை எல்லாம் அவர் எடுத்து எடுத்துத் தின்னுட்டு உக்காந்திருந்தார். இந்த ஆளைக் கட்டிக்கலாம்னு எனக்கு அப்போதான் தோணுச்சு.

விசிறி: இதை நீங்க சொன்னதே இல்லை.

அண்ணி: எல்லாத்தையும் சொல்லிட முடியுமா?

விசிறி: சொல்லாம வச்சிருக்கறது இன்னும் எவ்வளவு இருக்கு?

அண்ணி: குக்கர்ல தண்ணி சரியா இருக்கான்னு பாரு.

விசிறி: பேச்சை மாத்தாதீங்க.

அண்ணி: தண்ணியைப் பாருன்னேன்.

விசிறி: சரியா இருக்கு. கேக் சுடற அவனைப் போட்டுட்டீங்களா? சூடாகட்டும்.

அண்ணி: அவனா? அவன் அப்போவே சூடாயிட்டான். உன்னை மாதிரியே, சட்டுன்னு சூடாகிற ஜாதி.

விசிறி: அந்த வீட்டுக்காரம்மா ஞாபகம் இருக்கா? நம்ம கதவுக்கு வெளியே நின்னு ஒட்டுக் கேட்டுட்டு...

அண்ணி: 'அவன் வாயைத் திறந்தாலே புகை வருது, அவனை ஒரு நாள் கழுவி விடணும்'னு நான் சொல்லிட்டிருக்கேன். 'அவன் சரியில்லை, வித்துட்டு வேற ஒருத்தனைப் பாக்கலாம்'னு நீ சொல்றே...

விசிறி: மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, 'தம்பி, உன் வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் உன்னைப் பத்திப் பேசறது சரியில்லை, கொஞ்சம் உஷாரா இருந்துக்கோ'ன்னு.

அண்ணி: இவரும் அது அடுப்பைப் பத்தின பேச்சுன்னு விளக்கம் சொல்லாம, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, 'என் தலையெழுத்தும்மா'ன்னுட்டு வந்துட்டார். அந்தம்மா வீட்டை மாத்திக்கிட்டுப் போற வரைக்கும் என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுதான் போகும்.

விசிறி: அய்யோ, வயிறு வலிக்குது...

அண்ணி: வீசறதை நிறுத்தாதே.

விசிறி: வீசறேன், வீசறேன்.

அண்ணி: ...அவர் போனப்புறம் ரொம்ப நாள் நான் அவனைத் தொடவே இல்லை. உனக்குத் தெரியுமா? மேலே துணியைப் போட்டு மூடி வச்சிருந்தேன். அவன்னு ஒரு வார்த்தையைச் சொல்லவே பயமா இருந்துச்சு.

விசிறி: தெரியும். நான் வந்தா நீங்க ரொட்டியும் பழமும் எடுத்து வைப்பீங்க. நானும் கேக்காம சாப்பிட்டுட்டுப் போவேன்.

அண்ணி: அப்புறம் ஒரு நாள் நீதான் வந்து துணியை எடுத்தே.

விசிறி: எனக்கு சோம்பேறி திங்கணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான். தியாகம் எல்லாம் ஒண்ணும் இல்லை.

அண்ணி: சோம்பேறி... மாடி வீட்டம்மா இன்னைக்குக் காலையில கூட, 'உங்க சோம்பேறி ஏழு மணிக்கு வருமா'ன்னு கேட்டாங்க. புதுசா வந்த வாட்ச்மேன் பக்கத்துல நின்னு முழிக்கறார்.

விசிறி: பேரு வச்சது நீங்கதானே.

அண்ணி: பின்னே? கல்யாணமாகி வந்த புதுசு. நீ 'சூஷி சுருட்டிக் குடு அண்ணா'ன்னு கெஞ்சறே. 'நாள் பூரா சுருட்டிட்டு வர்றேன், வீட்டுலயும் சுருட்டணுமா'ன்னுட்டு, சோத்தை ட்ரேயில கொட்டி அமுக்கினார். மீனை உதிர்த்தார், நண்டுச் சதையைப் பிச்சார், மயோனைஸையும் மிளகாய் சாஸையும் ஊத்திப் பிசைஞ்சார், மேலே தடவி அவனுக்குள்ள தள்ளிட்டு சோபாவுல போய்ப் படுத்துட்டார். 'இது என்ன பலகாரம்'னு நீ கேட்டே. நான் சோபாவைப் பார்த்துக்கிட்டே சொன்னேன், 'சோம்பேறி'ன்னு.

விசிறி: மேலே பொன்னிறமா வந்துச்சு. அவன் ட்ரேயை நடுவுல வச்சுட்டு, கரண்டியால வெட்டி, பாசித் தாள்ல வச்சு மடிச்சு என் வாயில திணிச்சான். நாக்கு வெந்து போச்சு. இப்போ நினைச்சாலும் அந்தச் சூடு தெரியுது.

அண்ணி: குக்கர் அடங்கிடுச்சு. கொண்டா, இதையும் அதுல கொட்டிக் கலக்கலாம்.

விசிறி: மெதுவா, மெதுவா. சோறு நசுங்கக் கூடாது. இப்படி கீறி விடணும்... இப்போ தின்னு பாருங்க.

அண்ணி: ம். பொழைச்சுது.

விசிறி: சோறு பொழைச்சுது. உங்க விஷயம் என்ன?

அண்ணி: என் விஷயமா?

விசிறி: அண்ணி, நீங்க உப்பை ரெண்டு தடவை போட்டது இதுக்கு முன்னே ஒரே ஒரு தடவைதான். அண்ணனோட ஸ்கேனைப் பார்த்துட்டு டாக்டர் உங்களைத் தனியா கூப்பிட்டுச் சொன்ன அன்னைக்கு. வீட்டுக்கு வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி சோம்பேறி செஞ்சீங்க. வாயில வைக்க முடியலை. நான் துப்பிட்டேன். அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை பேசாம முழுசையும் சாப்பிட்டுட்டு, தண்ணியைக் குடிச்சுட்டு, 'நல்லா இருக்கு ஊ...'ன்னு ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். இப்போதான் புரியுது, ஊசின்னு சொல்ல வந்திருக்கான்.

அண்ணி: அவருக்கு அப்போவே தெரிஞ்சுபோச்சு. உப்பைத் தின்னே கண்டுபிடிச்சுட்டார்.

விசிறி: அதனாலதான் கேக்கறேன். உடம்புக்கு ஏதாவதா?

அண்ணி: இல்லைம்மா. சத்தியமா இல்லை. நல்லா இருக்கேன்.

விசிறி: என் தலையில கை வச்சுச் சொல்லுங்க.

அண்ணி: கையெல்லாம் சோறு. போடி. உடம்பு நல்லாத்தான் இருக்கு. சோத்தை அமுக்கு, ரொம்ப அழுத்தாம. எள்ளையும் பாசித் தூளையும் நான் தூவறேன்.

விசிறி: அப்போ எதுக்கு வீட்டைக் காலி பண்றீங்க?

அண்ணி: சொன்னேனே. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல...

விசிறி: காதுல பூ சுத்தாதீங்க அண்ணி. இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நீங்க நடந்து போறீங்க. புது வீட்டுலேர்ந்து பஸ் மாறிப் போகணும். நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

அண்ணி: போய்ப் பார்த்தியா?

விசிறி: தெருவை மட்டும். உள்ளே போகலை. நல்ல தெருதான்... மரமெல்லாம் இருக்கு.

அண்ணி: இந்த வீடு எனக்குப் பெருசா இருக்கு.

விசிறி: எனக்கு அளவா இருக்கே. நான் இங்கேதானே வளர்ந்தேன். படிச்சது இங்கே, தையல் கத்துக்கிட்டது இங்கே, கல்யாணமாகிப் போனது இங்கேர்ந்து. அம்மா அப்பா இல்லாத குறையே தெரியாம ரெண்டு பேரும் வளர்த்தீங்க. என் தையல் கடையைப் பூட்டிட்டு நேரா இங்கேதான் வர்றேன், என் வீட்டுக்குக் கூட அப்புறம்தான். ஏன் தெரியுமா? இந்த வீட்டுக்கு வர எனக்குக் காரணமே வேண்டாம். வேற வீட்டுக்கு வரணும்னா ஏதாவது காரணம் சொல்லிட்டு வரணும்.

அண்ணி: உனக்கு எங்கேயும் காரணம் வேண்டாம்.

விசிறி: வாயால சொல்றீங்க. உங்களை விட்டா எனக்குப் பொறந்த வீடுன்னு வேற என்ன இருக்கு?

அண்ணி: ...அந்த மீன் கலவையை எடு. தடவலாம்.

விசிறி: ஓரம் வரைக்கும் தடவுங்க. ஓரத்துலதான் மொறுமொறுன்னு வரும். அண்ணனும் நானும் ஓரத்துக்குத்தான் சண்டை போடுவோம்.

அண்ணி: நடுப்பகுதி எப்பவும் என் தலையில.

விசிறி: நீங்கதான் 'எனக்கு நடுவுலதான் பிடிக்கும்'பீங்க.

அண்ணி: ரெண்டு பேரும் கரண்டியை வச்சுக்கிட்டு முறைச்சுக்கிட்டு நின்னா, வேற என்ன சொல்றது? கதவைத் திற, உள்ளே தள்ளறேன்... பார்த்து, சுட்டுக்காதே.

விசிறி: இந்த ட்ரேயை நீங்க எடுத்துட்டுப் போவீங்களா?

அண்ணி: நீ வச்சுக்கோ.

விசிறி: எனக்கு எதுக்கு? நீங்க எடுத்துட்டுப் போங்க.

அண்ணி: இல்லை, அது உன் அண்ணன் வாங்கினது. உன்கிட்ட இருக்கறதுதான் சரி.

விசிறி: என் அண்ணன் உங்களுக்கு வாங்கினது. அதை எடுத்துட்டுப் போறதுல உங்களுக்கு என்ன சங்கடம்?

அண்ணி: சங்கடம் எல்லாம் இல்லை...

விசிறி: வெள்ளரிக்காயைக் கொடுங்க. நறுக்கி வச்சிடறேன். பாசித் தாளையும் சதுரம் சதுரமா வெட்டணும். பக்கத்து வீட்டு டீச்சருக்கு முதல்லயே சொல்லிடுங்க, தாளை உரிக்கக் கூடாதுன்னு.

அண்ணி: விசிறி.

விசிறி: ம்.

அண்ணி: கத்தியைக் கீழே வை.

விசிறி: கத்தியைக் கீழே வைக்கச் சொல்றீங்கன்னா விஷயம் பெருசுதான்.

அண்ணி: வச்சிட்டியா?

விசிறி: வச்சிட்டேன்.

அண்ணி: எனக்கு... ஒருத்தர் இருக்கார். அந்த வீடு அவரோட வீடு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேக்கறார். நான் சரின்னு சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லாம சரின்னு சொன்னேனேன்னு அன்னைக்கிலேர்ந்து சோறு இறங்கலை.

விசிறி: மேலே சொல்லுங்க.

அண்ணி: திட்டறதுன்னா திட்டிடு.

விசிறி: மேலே சொல்லுங்க அண்ணி. யாரு?

அண்ணி: லிஃப்ட் மெக்கானிக். எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒரு நாள் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. உள்ளே நான் மட்டும். அடைச்ச இடம்னா எனக்கு எப்படி ஆகும்னு உனக்குத் தெரியும். மூச்சே வரலை. மேலேர்ந்து ஒரு குரல், 'பயப்படாதீங்கம்மா, சரி பண்ணிட்டிருக்கேன், நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க'ன்னு. என்ன பேசறதுன்னேன். 'வீட்டுல என்ன சமைப்பீங்க, அதைச் சொல்லுங்க'ன்னார்.

விசிறி: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: வாயில வந்தது சோம்பேறிதான். அரிசி கழுவறதுலேர்ந்து ஆரம்பிச்சேன். வினிகர் காய்ச்சினேன், சோறு கீறினேன், நாத்தனார் வீசணும்னு சொன்னேன்... ட்ரேயை உள்ளே வைக்கறதுக்குள்ள கதவு திறந்துடுச்சு. வெளியே எண்ணெய்க் கறையோட நிக்கறார். முதல் கேள்வி என்ன தெரியுமா? 'அவனுக்குள்ள எவ்வளவு நேரம் வைக்கணும்?' உங்க அண்ணன் போனப்புறம் அழாம நான் அதைப் பேசினது அன்னைக்குத்தான்.

விசிறி: அண்ணனைப் பத்தி அவருக்குத் தெரியுமா?

அண்ணி: தெரியுமாவா? அவர்கிட்ட நான் பேசினதெல்லாம் உங்க அண்ணனைப் பத்தித்தான். சுருட்டுற கதை, வீட்டுக்காரம்மா கதை, எல்லாம். வேற ஆம்பளையா இருந்தா எழுந்து போயிருப்பான். இவர், 'அப்புறம் அவர் என்ன சொன்னார்'னு கேப்பார்.

விசிறி: சந்தோஷமா இருக்கீங்களா?

அண்ணி: ...இருக்கேன். அதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு.

விசிறி: சந்தோஷத்துக்கு எதுக்கு வெக்கம்?

அண்ணி: வெக்கம் மட்டும் இல்லை, பயம். உங்க அண்ணனை மறந்துடுவேன்னு பயம் இல்லை, அது நடக்காது. உன்னை நினைச்சாத்தான் பயம். உன் அண்ணனால வந்த சொந்தம் நீ. அந்த முடிச்சை நானே அவுத்துட்டு, அப்புறம் என்ன உரிமையில உன் வாசல்ல வந்து நிப்பேன்? உன் பொண்ணுக்கு நான் யாரு? உனக்குத்தான் நான் யாரு? இனிமே நீ என்னை என்னன்னு கூப்பிடுவே?

விசிறி: அண்ணன் பொண்டாட்டிதான் அண்ணி.

அண்ணி: ம்.

விசிறி: அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் கிடையாது. யாரோ ஒருத்தரோட பொண்டாட்டியை அண்ணின்னு கூப்பிட எனக்கு வாய் வராது.

அண்ணி: தெரியும். அதான்... பேர் சொல்லிக் கூப்பிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

விசிறி: உங்க பேரு எனக்கு வாயிலயே வராது.

அண்ணி: பழகிக்கலாம். எல்லாம் பழகிடும்.

விசிறி: அழாதீங்க. உப்பு ஏற்கெனவே ஜாஸ்தி.

அண்ணி: அழலை... வெங்காயம்.

விசிறி: இதுல வெங்காயமே கிடையாது அண்ணி.

அண்ணி: ...பெல் அடிக்குது. யாரு இப்போ? ஏழு மணிக்குத்தானே எல்லாரையும் வரச் சொன்னேன். என் மூஞ்சியைப் பாரு, எப்படி இருக்கு. நீ போய்ப் பாரேன்.

விசிறி: நான்தான் போகணும். நீங்க அவனைப் பார்த்துக்கோங்க, மேலே கருகிடப் போகுது.

அண்ணி: யாரா இருந்தாலும் கொஞ்சம் கழிச்சு வரச் சொல்லிடு விசிறி.

விசிறி: ...வந்துட்டீங்களா? அன்னைக்கு நீங்க என் கடைக்கு வந்து அண்ணியைக் கட்டிக்கலாமான்னு கேட்டப்போ, பதில் வேணும்னா இன்னைக்கு ஆறு மணிக்கு இந்த வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன். அண்ணி வாயாலயே கேக்கணும்னு இவ்வளவு நேரம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன். என்ன சொல்லப் போறேன்னு இப்போ கதவைத் திறக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது... அந்த ஸ்பேனர் பையை இப்படி ஓரமா வைங்க. உள்ளே வாங்க அண்ணா. அண்ணி அடுப்படியிலதான் இருக்காங்க.